ரெட்டையின் இரண்டாவது பிரதி

பழிவாங்கக் கத்தி வேண்டாம், கூச்சல் வேண்டாம், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தாலே போதும் என்பது ரெட்டைக்குத் தெரிய நாற்பத்திரண்டு வயதாயிற்று. தெரிந்துகொண்டதும் அதை ஆற அமர அனுபவித்தாள். மேசைமேல் கிடந்த போன் காலையிலிருந்து பதினொரு தடவை அடித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் திரையில் ‘மாமா’ என்று வந்தது. அக்காவின் கணவர். அவள் போன் பக்கம் திரும்பக்கூட இல்லை. கையிலிருந்த மெழுகுக் கடைவாய்ப்பல்லின் பள்ளத்தை நிதானமாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

ரெட்டை என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. மாமா நடத்திய பல் லேப்பில் ஒட்டிக்கொண்ட பெயர். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றி, வாயின் மாதிரியைச் செய்து, அந்த மாதிரியில் பொருந்துகிற செயற்கைப் பல்லைச் செய்து அனுப்பவேண்டும். ஒரு அச்சுக்கு ஒரு மாதிரி போதும் என்பது எல்லா லேப்பிலும் நடைமுறை. இவள் மட்டும் இரண்டு ஊற்றுவாள். ஒன்று அறுத்து, உரசி, பாழாக்குவதற்கு. மற்றது அலமாரியில் உட்காரும், யாரும் தொடக்கூடாது. “பிளாஸ்டர் என்ன வானத்துலேர்ந்தா கொட்டுது” என்று மாமா முணுமுணுப்பார். முதல் மாதிரி யார் கையிலிருந்தாவது நழுவி விழுந்து உடைகிற அன்றைக்கு அந்த முணுமுணுப்பு இருந்த இடம் தெரியாது.

பிறகு லேப்புக்கு ஸ்கேனரும், பல்லைக் கடைந்தெடுக்கிற மெஷினும் வந்தன. மற்ற லேப்புக்காரர்கள் மெஷினோடு வந்த ரெடிமேட் பல் வடிவங்களை வைத்துப் பிழைத்தார்கள். ஊர் முழுக்க ஒரே மாதிரி முன்பல்லோடு சிரித்தது. ரெட்டை அப்படி விடவில்லை. தேய்ந்த பல், நெருக்கிய பல், லேசாகத் திரும்பிய பல், அறுபது வயதுக்கு அறுபது வயதுப் பல் என்று மெழுகில் ஒவ்வொன்றாகச் செதுக்கி ஸ்கேன் செய்து சேர்த்தாள். ஸ்கேன் ஆனதும் அந்த மெழுகு உருகி அடுத்த பல்லாகிவிடும். பன்னிரண்டு வருடத்தில் ஆயிரத்து நூற்று நாற்பது வடிவங்கள். வைத்த பல் எது, முளைத்த பல் எது என்று டாக்டர்களே குழம்பினார்கள். லேப்பில் அதைப் பல் நூலகம் என்று சொன்னார்கள்.

அந்த நூலகத்தின் முதல் பல் அவள் அம்மாவுடையது. ஸ்கேனர் வந்த அன்று சாப்பாடு கொண்டுவந்த அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, மெஷின் வேலை செய்கிறதா என்று பார்க்க வாயைத் திறக்கச் சொன்னார்கள். மேல்வரிசை முன்பல் ஒன்றில் அம்மாவுக்கு ஒரு சின்ன உடைசல் உண்டு. அது தெரியும் என்று எந்தப் போட்டோவிலும் சிரிக்கமாட்டாள். அன்றைக்குச் சும்மா சோதனைதானே என்று பிளாஸ்டர் மாதிரி ஊற்றவில்லை. மறுவருடம் அம்மா போய்விட்டாள். ரெட்டை இரண்டாக வைக்காத ஒரே வாய் அதுதான்.

இதெல்லாம் இருந்தது ஒரு பழைய சாஃப்ட்வேரில். அதுவும் மெஷினும் பழைய விண்டோஸில் மட்டுந்தான் பேசிக்கொள்ளும். அதைத் தாங்கிய கம்ப்யூட்டர் மூச்சுத் திணற ஆரம்பித்தபோது, மோட்டார் சைக்கிளில் வந்து போகும் கம்ப்யூட்டர்காரர் அதை அப்படியே விர்ச்சுவல் மெஷின் ஆக்கிக் கொடுத்தார்.

“கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கம்ப்யூட்டர்ம்மா. வெளியில இருக்கற பெட்டி செத்தாலும் உள்ள இருக்கறது சாகாது. ஒரே ஒரு பெரிய ஃபைல். தூக்கி வேற பெட்டியில வெச்சா, கண்ணைத் தொடச்சுக்கிட்டு நேத்து விட்ட இடத்துலேர்ந்து வேலை செய்யும்.”

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கம்ப்யூட்டர் மூன்று பெட்டிகள் மாறியது, ஒரு நாள்கூட வேலை நிற்கவில்லை. மாமாவின் தலையில் அது ஆணி அடித்தாற்போல இறங்கிவிட்டது. ஃபைலைக் காப்பி பண்ணு, கதை முடிந்தது. அதற்குமேல் கற்றுக்கொள்ள உலகத்தில் எதுவும் இல்லை.

மூன்று வருடம் முன்பு, வேலையில் பாதியைக் கொடுத்துவந்த மருத்துவமனையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நோயாளிகளின் படத்தைத் தொடுகிற எந்தக் கம்ப்யூட்டரிலும், அது விர்ச்சுவலாகவே இருந்தாலும், செக்யூர் பூட் இருக்கவேண்டும், டிஸ்க் பூட்டியிருக்கவேண்டும். செக்யூர் பூட் என்பது வாசல் காவலாளி மாதிரி. கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது உள்ளே நுழைகிற ஒவ்வொரு புரோகிராமிடமும் கையெழுத்து இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாததை வெளியே தள்ளிவிடும். பல் கடைகிற மெஷினின் புரோகிராமுக்குக் கையெழுத்து கிடையாது, அதைச் செய்த கம்பெனியே மூடிப்போயிருந்தது. மருத்துவமனையிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து, லேப்புக்கென்றே ஒரு சாவி உண்டாக்கி, அந்தப் புரோகிராமுக்குக் கையெழுத்துப் போட்டு, இந்தச் சாவியை நம்பு என்று விர்ச்சுவல் மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த நம்பிக்கையும் டிஸ்க் பூட்டின் சாவியும் பெரிய ஃபைலுக்குள் இல்லை. தனியாக, அரை எம்பி அளவில் ஒரு சின்ன ஃபைலில் உட்கார்ந்தன. ஆபத்துக்கு உதவ நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு எண்ணும் கிடைத்தது.

“இது முன்ன மாதிரி இல்லங்க. பெரிய ஃபைலை மட்டும் தூக்கிட்டுப் போனீங்கன்னா அது வெறும் கல்லு. இந்தச் சின்னதும் கூடவே போகணும்” என்றார் அவர்.

ரெட்டை அதை அன்று சாயங்காலமே மாமாவிடம் சொன்னாள். மாமா போனில் யாரோடோ பேசியபடி தலையாட்டினார். மறுநாள் இன்னொரு தடவை சொன்னாள். “சரிம்மா, சரிம்மா, வேலை எப்ப ஆரம்பிக்கலாம்” என்றார். எண்ணைச் சுவரில் ஒட்டக்கூடாது என்பது மருத்துவமனையின் கட்டளை. அதனால் அவள் வழக்கப்படி செய்தாள். சின்ன ஃபைலும் எண்ணும் லேப்பின் சர்வரில் தனி ஃபோல்டரில் ஒரு பிரதி. நீல நிறப் பென் டிரைவில் இன்னொரு பிரதி. பென் டிரைவின் முதுகில் மார்க்கரால் ‘2’ என்று எழுதி, வீட்டுச் சாவியோடு கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வம்பு வந்தது இந்த வருடம். மாமா ஒரு கூட்டாளியைப் பிடித்தார். ஊருக்கு வெளியே பெரிய கட்டடம், மூன்று புது மெஷின், மருத்துவமனையின் மொத்த வேலையும். கட்டடமும் மெஷினும் கூட்டாளியுடையவை. மாமாவிடம் அந்த ஆள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று, பல் நூலகம். அதற்காகத்தான் பெயர்ப்பலகையில் மாமாவின் பெயரும்.

புது லேப்பின் விளம்பரத்துக்கு அச்சடித்த வண்ணத்தாளை மாமாவே கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தார். முதல் பக்கத்தில் மாமா, கையில் மெழுகுக் கத்தி. ‘பன்னிரண்டு ஆண்டுகள், ஒரே கலைஞரின் கைவண்ணம்’ என்று கீழே எழுதியிருந்தது. கத்தியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். பிடிக்கத் தெரியாதவன் கலைஞன். ரெட்டைக்கு அந்தத் தாளைப் பார்த்து முதலில் சிரிப்புத்தான் வந்தது. அதன் பின்னாலேயே வந்தது வயிற்றெரிச்சல், அது இன்றுவரை அணையவில்லை.

“மாமா, இதுல என் பேரு எங்க?”

“வீட்டு ஆளுக்கு எதுக்கும்மா பேரு. நீ வேற, நான் வேறயா?”

“அங்க எனக்கு என்ன வேலை?”

“டிசைன் பண்ண அவங்க ஆள் இருக்காங்க. நீ பிளாஸ்டரப் பார்த்துக்க. ரெண்டு ரெண்டா ஊத்து, யார் கேக்கப்போறா.”

கறிவேப்பிலை மாதிரி எடுத்து ஓரமாக வைத்தாயிற்று. அவள் அந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொன்னாள்.

கடைசி நாளன்று வாசலில் மாமா நின்றிருந்தார். பையைக் காட்டு என்றார். ஒன்பது பேர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்து பையை வாங்கியது அக்கா. காய்கறிக்காரனிடம் பிடிப்பதுபோல இரண்டு காதையும் பிடித்து, வாயை அகலத் திறந்து மாமாவுக்கு வசதியாகக் காட்டினாள். சீப்பு, மருந்துச்சீட்டு, துவட்டும் துணி எல்லாம் மேசைக்கு வந்தன. கடைசியாக நீலப் பென் டிரைவ்.

“இது என்ன?”

“மாமா, அது அந்த மெஷினோட…”

“திருடி.”

ஒன்பது பேர் முன்னால், அந்த ஒரே சொல்.

“நான் சொல்றத ஒரு நிமிஷம் கேளுங்க. அது உங்களுக்குத்தான்…”

“வாயத் திறந்த, மரியாதை கெட்டுடும்.”

பிளாஸ்டர் மாதிரிகளை உரசிச் சமப்படுத்துகிற டிரிம்மர் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. பென் டிரைவை அதில் வைத்து அழுத்தினார். சாம்பல் நிறச் சேற்றில் நீலத் துணுக்குகள் ஒழுகிச் சாக்கடைக்குப் போயின. அந்தச் சக்கரத்தை இத்தனை வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் கழுவியவள் ரெட்டை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மாமாவுக்கு ஆத்திரம்கூட இல்லை, வேடிக்கை பார்க்க ஆள் இருந்தது, அவ்வளவுதான். அக்கா சாமான்களைப் பைக்குள் அள்ளிப்போட்டுக் கொடுத்தாள். நிமிர்ந்து பார்க்காமல், “பார்த்துப் போ” என்றாள்.

அத்தோடு சொல்வதை நிறுத்திக்கொண்டாள் ரெட்டை. வலியச் சொன்னது போதும். மூன்று தடவை சொல்லியாயிற்று.

எட்டு நாள் கழித்துக் கம்ப்யூட்டர்காரர் போன் செய்தார். செக்யூர் பூட் போட்டபோது அவர் இல்லை, சின்ன ஃபைல் கதை அவருக்குத் தெரியாது.

“அம்மா, உங்க மாமா பெரிய ஃபைலை ஒரு ஹார்டு டிஸ்க்ல எடுத்துக்கிட்டாரு. எல்லாம் இதுல வந்தாச்சு, பழைய சர்வரை அழிச்சிருங்கறாரு. ஆஸ்பத்திரி விதிப்படி ஒண்ணுக்கு ஏழு தடவை அழிக்கணும், அப்புறம் தலைகீழா நின்னாலும் திரும்பி வராது. மனசு கேக்கல. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு செய்யலாம்னுதான்.”

ரெட்டை அப்போது புதிதாகச் சேர்ந்த சின்ன லேப்பின் கழுவுதொட்டி பக்கம் நின்றிருந்தாள். குழாயை மூடினாள். ஒரே வாக்கியம் போதும். அந்த ஃபோல்டரையும் சேர்த்து எடுத்துக்கோங்க அண்ணே என்றால் மாமா பிழைத்தார், ஆயிரத்து நூற்று நாற்பது பல்லும் பிழைத்தது. சொல்லாவிட்டால் மாமாவோடு அவளுடைய பன்னிரண்டு வருடமும் போகும். அம்மாவின் பல்லும் போகும். அதை அவள் மறக்கவில்லை. நன்றாக நினைத்துப் பார்த்தாள். திருடி என்ற சொல்லும், பையின் வாயைத் திறந்து பிடித்திருந்த அக்காவின் இரண்டு கைகளும் கூடவே நினைவுக்கு வந்தன. அவள் கையால் செய்ததை வைத்து அவர் கலைஞர் என்று பெயர் வாங்குவதைவிட, அது யாருக்கும் இல்லாமல் போகட்டும்.

“அவர் முதலாளி. அவர் சொன்னபடி செய்யுங்க அண்ணே.”

“உங்களுக்குச் சம்மதமா?”

“என் சம்மதம் எதுக்கு. ஆனா ஒண்ணு, அழிக்கச் சொன்னது அவர்தான்னு அவர்கிட்டயே எழுதி வாங்கிக்கோங்க. பின்னால உங்க தலை உருளக்கூடாது.”

அவர் எழுதி வாங்கிக்கொண்டார். மாமா சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாராம்.

புதுக் கட்டடத்தில் நடந்ததை அதே கம்ப்யூட்டர்காரர்தான் அவளிடம் வந்து சொன்னார். ஹார்டு டிஸ்க்கை மாமா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். விர்ச்சுவல் மெஷின் கண் விழித்தது, கையெழுத்தைத் தேடியது, கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் ஓடும் என்று கூட்டாளியின் ஆள் மேதாவித்தனமாகச் சொன்னான். அணைத்தார்கள். காவலாளி இல்லாத வீட்டில் பூட்டு திறக்காது என்று டிஸ்க் முறைத்துக்கொண்டது. நாற்பத்தெட்டு இலக்க எண்ணைக் கொடு என்றது. கூட்டாளி மாமாவைப் பார்த்தார். மாமா கம்ப்யூட்டர்காரரைப் பார்த்தார். கம்ப்யூட்டர்காரர் சட்டைப்பையிலிருந்து மாமாவின் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து விரித்தார்.

“யானை நுழைஞ்சிடுச்சு, வால் மாட்டிக்கிச்சும்மா” என்று சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ரெட்டை அவருக்கு இரண்டு தடவை தேநீர் வரவழைத்தாள்.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பதினொரு அழைப்புகள். பன்னிரண்டாவதற்குப் பதில் மாமாவும் அக்காவும் நேரிலேயே வந்துவிட்டார்கள். மத்தியான வெயிலில் மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. இந்த லேப்பின் சொந்தக்காரி நாகரிகம் தெரிந்தவள், மாவு பிசைகிறதைப்போலப் பிளாஸ்டர் கலக்கியபடியே பின்னறைக்குப் போய்விட்டாள்.

“நடந்தது நடந்துபோச்சும்மா. அந்தச் சின்ன ஃபைலைக் குடு. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வராங்க. ஓடலன்னா கூட்டாளி என்னைக் கழட்டி விட்ருவாரு. பழைய இடத்தையும் காலி பண்ணிட்டேன்” என்றார் மாமா.

“என் பையைப் பார்த்தீங்களே மாமா. அதுல எதுவும் இல்லையே.”

“உன்னைத் தெரியாதா எனக்கு? எதையும் ரெண்டா வெக்கறவ நீ. எங்கயாச்சும் வெச்சிருப்ப.”

“ரெண்டு வெச்சிருந்தேன். அது நிஜம்.”

மாமாவின் முகத்தில் உயிர் வந்தது. “எங்க இருக்கு?”

“சொல்றேன். அதுக்கு முன்னால உங்க கூட்டாளிக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அந்தப் பல்லெல்லாம் யார் செஞ்சதுன்னு அவர்கிட்ட சொல்லுங்க. சொல்லி முடிச்சதும், ரெண்டும் எங்க இருக்குன்னு நான் சொல்றேன்.”

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா, “சொல்லுங்க” என்றாள். போன் போட்டார். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டார். கூட்டாளியின் குரல் மறுமுனையில் வறட்சியாகக் கேட்டது.

“அது… அந்த வடிவம் எல்லாம் நான் செஞ்சது இல்ல. என் மச்சினிதான் செஞ்சா. எல்லாமே.”

“அந்தப் போட்டோ?”

“சும்மா பிடிச்சேன்.”

“எனக்கு யார் செஞ்சா என்ன. வியாழக்கிழமை ஓடுமா ஓடாதா?”

“ஓடும். ஓடும்” என்று மாமா போனை வைத்தார். நெற்றியைத் துடைத்தார். “சொல்லிட்டேன். போதுமா?”

ரெட்டைக்கு நெஞ்சுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. இத்தனை நாள் கழித்துத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது. கையிலிருந்த மெழுகுப் பல்லைத் தட்டில் வைத்துவிட்டு, அவர் கண்ணைப் பார்த்து, அவசரமே இல்லாமல் சொன்னாள்.

“முதல் பிரதி பழைய சர்வர்ல இருந்துச்சு. நீங்க கையெழுத்துப் போட்டு ஏழு தடவை அழிக்கச் சொன்னீங்க. ரெண்டாவது பிரதி நீலக் கலர் பென் டிரைவ்ல இருந்துச்சு. மேல ரெண்டுன்னு நம்பர்கூடப் போட்டிருந்தேன். அதை நீங்க சக்கரத்துல வெச்சு உரசுனீங்க. அவ்வளவுதான் மாமா. மூணாவது கிடையாது. நான் ரெட்டை.”

மாமாவுக்கு அது உள்ளே போகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவன் அதைத் தன் கையெழுத்தோடு பார்க்கும்போது முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆனது. பிறகு கத்தினார். பாவி என்றார், வீட்டைக் கெடுத்தவள் என்றார், அன்றைக்கே சொல்லியிருக்கக்கூடாதா என்றார்.

“சொல்ல வந்தேன். வாயத் திறந்தா மரியாதை கெட்டுடும்னு சொன்னீங்க.”

அவர் கதவை அறைந்துவிட்டு வெளியே போனார். அக்கா மட்டும் நின்றாள். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஏதோ கணக்குப் போடுவதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா பல்லும் அதுலதானே இருந்துச்சு?”

“ஆமா.”

“அதுவும் போச்சா?”

“எல்லாந்தான் போச்சு.”

“அது உள்ள இருக்குன்னு தெரிஞ்சேதான் விட்டியா?”

“தெரிஞ்சேதான். நீ பையோட வாயைப் பிடிச்சிட்டு இருந்தியே, அக்கா.”

அக்கா திரும்பி நடந்தாள். கண்ணாடி ஜன்னல் வழியாக அவள் தெருவைக் கடப்பது தெரிந்தது. மாமா எந்தப் பக்கம் போனாரோ, அவள் தனியாகத்தான் போனாள்.

ரெட்டை ஒரு புது மெழுகுத் துண்டை எடுத்தாள். போனால் போகிறது, கை இருக்கிறது. பன்னிரண்டு வருடம் செய்ததை இன்னொரு பன்னிரண்டு வருடத்தில் செய்துகொள்ளலாம், முதலில் இருந்தே, இந்தத் தடவை தன் பெயரில். முதல் பல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம் என்று மெழுகைச் சூடுகாட்டி வடிவம் கொடுத்தாள். நீளம் சரியாக வந்தது. அகலமும் விரலுக்கே தெரிந்திருந்தது. கத்தி முனையை உடைசலுக்குக் கொண்டுபோனபோது கை நின்றது.

இடப்பக்கமா, வலப்பக்கமா?

கண்ணை மூடிப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்த அம்மா வந்தாள், உடைசலும் வந்தது, பக்கம் மட்டும் மாறி மாறி வந்தது. எதிரே நின்று பார்த்ததா, திரையில் பார்த்ததா என்று குழம்பியது. போட்டோவில் எதுவும் தெரியாது, அம்மா சிரித்ததே இல்லை. சின்ன வயதில் அம்மா மடியில் படுத்து, அந்த உடைசலில் விரல் வைத்து விளையாடிய இன்னொருத்தி உண்டு. அவள் இப்போதுதான் தெருமுனையைத் திரும்பினாள். ஓடினால் பிடித்துவிடலாம்.

ரெட்டை எழுந்திருக்கவில்லை. இன்னொரு துண்டு மெழுகை எடுத்தாள். ஒன்றில் இடப்பக்கம் உடைசல் வைத்தாள், மற்றதில் வலப்பக்கம். இரண்டையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டுமே அம்மா மாதிரிதான் இருந்தன.